மரை கெட்டு இறுகிய மிதிவண்டிக் கிராங்கைக் கழற்றுதல்

மிதிவண்டியின் மிதிகட்டையை நடு அச்சோடு இணைக்கும் தண்டு கிராங்கு எனப்படும். பல ஆண்டுகள் கழற்றப்படாமல் ஓடிய வண்டியில் கிராங்கு அச்சோடு இறுகிவிடும். அச்சின் குண்டுகளுக்குக் கிரீஸ் வைக்கவோ, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றவோ கிராங்கைக் கழற்றியே ஆகவேண்டும். அந்த நேரத்தில் கழற்றுவதற்குத் துணைசெய்யும் மரையும் (திருகுப்புரி) சிதைந்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். மரை போய்விட்டது என்ற பதற்றத்தில் கண்டபடி அடிப்பதால் அச்சு, குண்டுகள், கப்பு, சில வேளைகளில் சட்டகமே பழுதாகிறது.

மரை கெட்டதால் மட்டும் ஒரு கிராங்கு கழலாமல் போவதில்லை. கிராங்கைப் பிடித்து வைத்திருப்பது ஆப்பு போன்ற சாய்வும் துருவும்தான். மரை என்பது தள்ளும் விசையைக் கொடுக்க உதவும் ஒரு வழி. அந்த வழி அடைபட்டால் அதே விசையை வேறு வழியில் கொடுக்கவேண்டும். பெரும்பாலான நேரங்களில் வீட்டிலுள்ள கருவிகளைக் கொண்டே இதைச் செய்யமுடியும்.

## கிராங்கின் வகைகள்

வீடுகளில் காணப்படும் மிதிவண்டிகளில் கிராங்கு பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

காட்டர் வகை: கனத்த சாதாரண மிதிவண்டிகளில் உள்ளது. அச்சும் கிராங்கும் எஃகால் ஆனவை. கிராங்கின் குறுக்கே உள்ள துளையில் காட்டர் பின் என்னும் சாய்வான முளை இறக்கப்பட்டு, அதன் முனையில் நட்டு முடுக்கப்பட்டிருக்கும்.

காட்டர் இல்லாத வகை: கியர் வண்டிகளிலும் புதிய வண்டிகளிலும் உள்ளது. அச்சின் முனை சதுரமாகவும் நுனி நோக்கிச் சிறிது குறுகியும் இருக்கும். கிராங்கு அதன்மேல் ஏற்றப்பட்டு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். கிராங்கு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது.

ஒற்றைத் துண்டு வகை: சில சிறுவர் வண்டிகளில் இரு கிராங்குகளும் அச்சும் ஒரே வளைந்த கம்பியாக இருக்கும். இதில் கிராங்கைத் தனியே பிரிக்கும் வேலையே இல்லை.

முதல் இரண்டு வகைகளில்தான் மரைச் சிக்கல் எழுகிறது.

## இறுகுவதன் காரணங்கள்

விறகு பிளக்கும் ஆப்பு மரத்துக்குள் இறங்கியபின் தானாக வெளியே வருவதில்லை. அதன் சாய்வு உராய்வுக் கோணத்தைவிடச் சிறிதாக இருப்பதே காரணம். காட்டரும் சதுர அச்சு முனையும் இவ்வாறே செயல்படுகின்றன. சதுர முனையின் ஒவ்வொரு பக்கமும் அச்சின் நடுக்கோட்டிலிருந்து 2 பாகை அளவே சாய்ந்திருக்கும். இவ்வளவு சிறிய சாய்வு கொண்ட பொருள் ஒருமுறை அழுந்திவிட்டால், போல்ட்டை முழுவதும் கழற்றினாலும் அசையாது.

அடுத்த காரணம் துரு. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. நெருக்கமான இடைவெளிக்குள் உருவாகும் துரு இரு பக்கங்களையும் நெட்டித்தள்ளிக் கிராங்கை மேலும் இறுக்கும். எஃகு அச்சின்மேல் அலுமினியக் கிராங்கு இருந்தால் நிலைமை வேறு. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்வேதி அரிப்பு ஏற்பட்டு, வெண்ணிறத் தூளான அலுமினிய ஆக்சைடு இடைவெளியை அடைத்துவிடும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இது விரைவாக நிகழும்.

## எதைக் காப்பது, எதை இழப்பது

சுத்தியலை எடுப்பதற்கு முன் இதை முடிவு செய்துவிடவேண்டும். காட்டர் மிக மலிவான பாகம். அடுத்தடுத்து மிதிகட்டை, கிராங்கு, நடு அச்சு எனச் செலவு கூடிக்கொண்டே போகும். எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது சட்டகம். காட்டர் வகையில் காட்டரை வெட்டியெறிந்தாவது கிராங்கையும் அச்சையும் காப்பாற்றவேண்டும். காட்டர் இல்லாத வகையில் உள் மரை சிதைந்த கிராங்கைப் பல நேரங்களில் இழக்கத்தான் வேண்டியிருக்கும். அங்கே காக்கவேண்டியவை அச்சும் சட்டகமும்.

எந்த முறையையும் சேதம் குறைந்ததிலிருந்து தொடங்கி, அது பலிக்காதபோது மட்டுமே அடுத்ததற்குச் செல்வது நல்லது. வெட்டிய பாகத்தை மறுபடி ஒட்டமுடியாது. ஊறவைக்கும் வேலையோ ஒரு நாள் காத்திருந்தால் முடிந்துவிடும்.

## தேவையான பொருட்கள்

* பொருத்தமான அளவு ஸ்பானர்களும் பாக்ஸ் ஸ்பானரும்
* ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ள சுத்தியல்
* காட்டரின் தலை நுழையும் அளவு உட்குழிவுள்ள தடித்த இரும்புக் குழாய்த் துண்டு
* காட்டரைவிடச் சற்று மெல்லிய, தட்டையான முனையுள்ள இரும்புப் பன்ச்
* ஹேக்சா, அரம், வெட்டிரும்பு
* துளையிடும் டிரில், 3 மி.மீ. மற்றும் 5 மி.மீ. பிட்டுகள்
* சி-கிளாம்ப் அல்லது வைஸ்
* துருநீக்கி எண்ணெய், கம்பித் தூரிகை, பழைய துணி
* கண் கண்ணாடி, கையுறை

## முன்னேற்பாடு

முதலில் இணைப்பைச் சுற்றியுள்ள மண், பழைய கிரீஸ், துரு ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கவேண்டும். அழுக்கு அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்காது.

பிறகு துருநீக்கி எண்ணெயை இணைப்பின் இருபுறமும் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கடைகளில் தெளிப்பானாகக் கிடைப்பது கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் பயன்படும். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டவுடன் பயனை எதிர்பார்க்கக்கூடாது. மாலையில் விட்டு, இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை மீண்டும் விட்டு, இடையிடையே கிராங்கின் பக்கவாட்டில் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொடுத்தால் அந்த அதிர்வில் எண்ணெய் நுண்ணிய இடைவெளிகளுக்குள் ஊர்ந்து செல்லும். ஒரு முழுநாள் ஊறிய பாகத்துக்கும் ஊறாத பாகத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கும்.

மண்ணெண்ணெய் அச்சின் கப்புக்குள் இறங்கினால் அங்குள்ள கிரீஸையும் கரைத்துவிடும். எனவே வேலை முடிந்ததும் குண்டுகளுக்குப் புதிய கிரீஸ் வைக்கவேண்டும்.

## காட்டர் வகைக் கிராங்கு

### மரை எவ்வாறு கெடுகிறது

காட்டர் என்பது ஒரு பக்கம் சாய்வாகத் தட்டையாக்கப்பட்ட உருளை. அந்தத் தட்டைப் பக்கம் அச்சில் வெட்டப்பட்டுள்ள பள்ளத்தின்மேல் படிந்து நிற்கும். சாதாரண வண்டிகளில் இதன் விட்டம் பெரும்பாலும் 9.5 மி.மீ.; 9 மி.மீ. உள்ளவையும் உண்டு.

காட்டரின் நட்டு அதை இடத்தில் வைத்திருப்பதற்கு மட்டுமே. காட்டரை உள்ளே இழுக்கும் வேலைக்கு அது ஏற்றதன்று. தளர்ந்த காட்டரை நட்டை முடுக்கியே இறுக்க முயல்வதால் மரை இழுபட்டுத் தேய்கிறது. கழற்றும்போது நட்டை முழுவதும் எடுத்துவிட்டு மரையுள்ள முனையில் நேரடியாக அடிப்பது இன்னொரு காரணம். ஓரிரு அடியிலேயே முனை காளான் குடைபோல விரியும், அல்லது வளையும். விரிந்த முனை துளைக்குள் நுழையாததால் காட்டர் அங்கேயே நின்றுவிடும்.

### மரை ஓரளவு மீந்திருந்தால்

நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் மேல்விளிம்பும் காட்டரின் முனையும் ஒரே மட்டத்தில் வரும்வரை தளர்த்தவேண்டும். அடி நட்டின்மேலும் பகிர்ந்து விழுவதால் எஞ்சிய மரை காக்கப்படும். பழைய நட்டு தளர்வாக இருந்தால் அதே அளவுள்ள வேறு நட்டை மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது முட்டுக்கொடுத்தல். இதைச் செய்யாமல் அடிப்பதுதான் வீட்டுவேலையில் அதிகம் நேரும் பிழை. கிராங்கை மேலிருந்து அடிக்கும்போது அந்த அடி அச்சு வழியாகக் குண்டுகளுக்குச் சென்று, கப்பில் சிறு குழிகளை உண்டாக்கும். பிறகு வண்டி மிதிக்கும்போது நெறுநெறுவென்று உணரப்படும். காட்டரும் அசைந்திருக்காது, அடியின் பெரும்பகுதி வண்டியைக் குலுக்குவதிலேயே வீணாகியிருக்கும்.

கிராங்கைத் தரைக்கு இணையாக, நட்டு மேலே பார்க்கும்படி திருப்பி நிறுத்தவேண்டும். காட்டரின் தலை கீழே இருக்கும். தரையிலிருந்து கிராங்கின் அடிப்பக்கம் வரை எட்டும் இரும்புக் குழாயை, காட்டரின் தலை அதன் குழிக்குள் வரும்படி நிறுத்தவேண்டும். அந்தப் பக்கத்தில் வண்டியின் எடை குழாயின்மேல் நிற்கும் அளவுக்குக் குழாயின் உயரம் இருப்பது சிறப்பு. குழாய் சற்றுக் குட்டையாக இருந்தால் அடியில் கல்லோ கட்டையோ வைத்துச் சரிசெய்யலாம். தரை கெட்டியாக இருக்கவேண்டும். மண்தரை அடியை விழுங்கிவிடும்.

ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நேர்க்குத்தாக, உறுதியாக ஓர் அடி கொடுக்கவேண்டும். இலேசாக இருபது முறை தட்டுவதைவிடக் கனத்த சுத்தியலால் அளவறிந்து கொடுக்கும் ஓர் அடியே காட்டரை நகர்த்தும். பல சிறு அடிகள் முனையைத்தான் விரிக்கும். எப்போதும் நட்டுள்ள பக்கத்திலிருந்தே அடிக்கவேண்டும். தலைப் பக்கத்தில் அடித்தால் ஆப்பு இன்னும் ஆழமாக இறங்கும்.

### சி-கிளாம்ப் முறை

அடிப்பதற்குத் தயங்குபவர்களுக்கு இது ஏற்றது. காட்டரின் தலையைச் சுற்றி ஒரு பாக்ஸ் ஸ்பானரின் குழியை வைத்து, அதன்மேல் கிளாம்பின் நிலையான தாடையையும், மரையுள்ள முனையின்மேல் கிளாம்பின் திருகையும் பொருத்தவேண்டும். திருகை இறுக்க இறுக்க முனை உள்ளே தள்ளப்பட்டு, தலை பாக்ஸ் ஸ்பானரின் குழிக்குள் வெளியேறும். முடிந்தவரை இறுக்கிய நிலையில் கிராங்கின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒருமுறை தட்டினால், பெரும்பாலும் ‘டக்’ என்ற ஓசையுடன் காட்டர் நகரும். மரை சிதைந்திருந்தாலும் முனை நேராக இருந்தால் இம்முறை பலிக்கும். தள்ளுவதற்கு மரை தேவையில்லை. முனை மட்டும் போதும்.

### மரை முழுவதும் சிதைந்திருந்தால்

முனை விரிந்தோ வளைந்தோ போயிருந்தால் அதைக் காப்பாற்ற முயலவேண்டியதில்லை. நட்டு சிக்கிக்கொண்டு, மேலே ஏறாமல் ஒரே இடத்தில் சுற்றினாலும் இதே வழிதான்.

1. நட்டின் ஒரு பக்கத்தை ஹேக்சாவால் அறுத்து, வெட்டிரும்பால் பிளந்து எடுக்கவேண்டும். வாஷரையும் எடுத்துவிடவேண்டும்.
2. வெளியே நீட்டியிருக்கும் முனையைக் கிராங்கின் மட்டத்துக்கு அறுத்து, அரத்தால் தட்டையாக்கவேண்டும். கிராங்கின் முலாம் கீறாமல் இருக்க ஒரு மெல்லிய தகட்டை இடையில் வைக்கலாம்.
3. மெல்லிய பன்ச்சை அந்தத் தட்டையான முகத்தில் வைத்து, முன்சொன்னபடி குழாய் முட்டுக் கொடுத்து அடிக்கவேண்டும். விரிந்த பகுதி நீங்கிவிட்டதால் பல காட்டர்கள் இப்போதே நகர்ந்துவிடும்.
4. அப்போதும் நகராவிட்டால் காட்டரின் நடுவில் கூரான பன்ச்சால் புள்ளி குத்தி, முதலில் 3 மி.மீ. பிட்டாலும் பிறகு 5 மி.மீ. பிட்டாலும் துளையிடவேண்டும்.

துளையிடுவதால் ஆப்பின் உள்ளிறுக்கம் தளர்கிறது. உள்ளே வெற்றிடம் கிடைப்பதால் காட்டரின் சுவர் சற்றே உட்குழிந்து கொடுக்கும். காட்டர் மென்மையான எஃகால் ஆனதால் சாதாரண பிட்டே போதும். மெதுவான வேகத்தில், இடையிடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துளைக்கவேண்டும். நட்டு முனைக்கு அருகே காட்டரின் தட்டைப் பக்கத்தில் உலோகம் மெல்லியதாக இருக்கும். பிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தால் அச்சைத் தொட்டுவிடும். அச்சு கடினமாக்கப்பட்ட எஃகு. பிட்டு அதில் வழுக்கி முறியக்கூடும். எனவே டிரில் நேராக நிற்கிறதா என்று இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்வது நல்லது. துளையிட்ட பிறகு மீண்டும் எண்ணெய் விட்டு, பன்ச்சால் அடித்தால் காட்டர் வெளிவரும்.

### புதிய காட்டர் இடுதல்

கழற்றிய காட்டரை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. அதே விட்டமுள்ள புதிய காட்டரை வாங்கி, கையால் அழுத்திப் பொருத்திப் பார்க்கவேண்டும். மரை முனை போதிய அளவு வெளியே வராவிட்டால் தட்டைப் பக்கத்தை அரத்தால் சிறிது சிறிதாக ராவலாம். ராவும்போது பக்கம் மேடுபள்ளமாகாமல் இருக்கவேண்டும். அச்சில் முழுமையாகப் படியாத காட்டர் சில நாட்களிலேயே தளரும்.

இரு காட்டர்களும் எதிரெதிர்த் திசையில் இறங்கவேண்டும். வலக் கிராங்கை மேலே நிறுத்தும்போது நட்டு பின்புறம் பார்த்தால், இடக் கிராங்கை மேலே நிறுத்தும்போதும் நட்டு பின்புறமே பார்க்கவேண்டும். இது மாறினால் இரு கிராங்குகளும் ஒரே நேர்க்கோட்டில் அமையாது. காட்டரைச் சுத்தியலால் அடித்து இறக்கியபின் நட்டை முடுக்கி, சிறிது தொலைவு ஓட்டிவிட்டு, மீண்டும் ஒருமுறை அடித்து முடுக்கவேண்டும்.

## காட்டர் இல்லாத கிராங்கு

### உள் மரையின் பணி

இவ்வகைக் கிராங்கின் வெளிமுகத்தில், போல்ட்டைச் சுற்றி, 22 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடையும் கொண்ட உள் மரை இருக்கும். போல்ட்டை எடுத்தபின் கிராங்கு புல்லர் என்னும் கருவியை இந்த மரையில் திருகி, அதன் நடுத்திருகை முடுக்கினால், அது அச்சின் முனையைத் தள்ளிக் கிராங்கை வெளியே இழுக்கும்.

15 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரை ஒருவர் சாதாரணமாக அழுத்தினாலும், திருகின் இயந்திரலாபத்தால் அந்த விசை பல மடங்காகிறது. உராய்வில் பெரும்பகுதி போனாலும் ஒரு டன் எடைக்கு நிகரான இழுவிசை எஞ்சும். அவ்வளவையும் தாங்குவது அலுமினியத்தில் வெட்டிய சில சுற்று மரைகளே. புல்லர் முழுவதும் உள்ளே போகாமல் மூன்று சுற்றுடன் நின்றிருந்தால் விசை முழுதும் அந்த மூன்று சுற்றுகளின்மேல் விழுந்து, மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். மரையில் மண் அடைத்திருப்பது, போல்ட்டின் அடியிலிருந்த வாஷரை எடுக்க மறப்பது, புல்லரைக் கோணலாகத் திருகுவது ஆகியவையே இதற்கு வழக்கமான காரணங்கள்.

### மரை கெட்ட பிறகு செய்யவேண்டியவை

முதலில் நல்ல வெளிச்சத்தில் உள் மரையைப் பார்க்கவேண்டும். வெளிச்சுற்றுகள் போயிருந்தாலும் ஆழத்தில் சில சுற்றுகள் நன்றாக இருக்கக்கூடும். ஊசியால் அழுக்கைச் சுரண்டி எடுத்து, புல்லரைக் கையால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பானரால் அடிவரை இறக்கி ஒருமுறை முயலலாம். அதற்குமுன் கிராங்கின்மேல் துணியைச் சுற்றிக் கொதிக்கும் நீரை ஊற்றினால் பயன் உண்டு. சம அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எனவே கிராங்கின் துளை அச்சைவிடச் சற்றே பெரிதாகும். தீச்சுடரைக் காட்டக்கூடாது. அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலேயே வலுவிழந்துவிடும்.

இதுவும் பலிக்காவிட்டால் மோட்டார் பட்டறைகளில் பேரிங் கழற்றப் பயன்படும் இரண்டு அல்லது மூன்று கால் புல்லர் உதவும். அதன் கொக்கிக் கால்களைக் கிராங்கின் பின்புறம் மாட்டி, நடுத்திருகை அச்சின் முனையில் ஊன்றவேண்டும். அச்சுக்குள் உள்ள போல்ட் மரை கெடாமலிருக்க, முனையில் ஒரு கெட்டியான இரும்பு வில்லையை வைக்கவேண்டும். இதற்கு உள் மரையே தேவையில்லை. கிராங்கும் பெரும்பாலும் சேதமின்றி வரும். இடக் கிராங்கில் இது எளிது. வலப்புறம் பல்சக்கரத்தின் கைகளுக்கு இடையே இடம் பார்த்து மாட்டவேண்டும். இக்கருவியை ஒரு மணிநேரத்துக்கு இரவல் வாங்கினால் போதும்.

கிராங்கை இழக்க முடிவு செய்துவிட்டால் இரு வழிகள் உண்டு. போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்திவிட்டு, ஆளில்லாத திடலில் வண்டியை மெதுவாக ஓட்டினால் கிராங்கு தானே தளரும். போல்ட் இடத்தில் இருப்பதால் கிராங்கு கழன்று விழாது. ஆனால் சதுரத் துளை உருண்டுவிடும். அந்தக் கிராங்கை மீண்டும் மாட்டக்கூடாது. இதைப் போக்குவரத்துள்ள சாலையில் செய்வதும், எழுந்து நின்று மிதிப்பதும் ஆபத்து.

இரண்டாவது வழி அறுத்தல். போல்ட்டை எடுத்துவிட்டு, கிராங்கின் முனையிலிருந்து சதுரத் துளையை நோக்கி ஹேக்சாவால் அறுக்கவேண்டும். அலுமினியம் எளிதில் அறுபடும். அச்சைத் தொடுவதற்கு ஓரிரு மி.மீ. முன்பே நிறுத்தி, அந்தப் பிளவில் வெட்டிரும்பை வைத்து அடித்தால் துளை விரிந்து பிடி விட்டுவிடும். வேலை பார்க்கத் திகிலாகத் தோன்றினாலும் அச்சுக்கும் சட்டகத்துக்கும் எந்தக் கேடும் வராது. கிராங்குக்கும் சட்டகத்துக்கும் இடையே கம்பியை விட்டு நெம்புவது இதைவிடக் கேடானது. நெம்பும் விசை முழுவதும் கப்பின்மேலும் சட்டகத்தின்மேலும் விழும்.

புதிய கிராங்கு வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோவது நல்லது. சதுர முனைக்கு ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என இரு அளவுமுறைகள் உள்ளன. ஒன்றுக்கான கிராங்கு மற்றதன் அச்சில் சரியான ஆழத்தில் அமையாது.

## கிராங்கில் இறுகிய மிதிகட்டை

கிராங்கு நன்றாக இருந்தும் மிதிகட்டை கழலாமல் இருப்பது மற்றொரு சிக்கல். இதற்குப் பாதிக் காரணம் தவறான திசையில் திருகுவதே. வலது மிதிகட்டையில் வழக்கமான வலமரையும், இடது மிதிகட்டையில் தலைகீழான இடமரையும் உள்ளன. இருபுறமும் பொருந்தும் நினைவுக்குறிப்பு ஒன்று உண்டு: ஸ்பானரை மிதிகட்டையின் அச்சில் மேல்நோக்கி நிற்குமாறு மாட்டி, அதன் பிடியை வண்டியின் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் எந்தப் பக்கமானாலும் தளரும்.

இடமரை வைத்ததன் காரணத்தை ஒரு பென்சிலால் அறியலாம். பென்சிலை இடக்கை விரல் வளையத்துக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அதன் மறுமுனையை வலக்கையால் பக்கவாட்டில் அழுத்தியபடி வட்டமாகச் சுழற்றினால், பென்சில் அதற்கு எதிர்த்திசையில் மெல்ல உருளும். மிதிக்கும்போது மிதிகட்டையின் அச்சும் கிராங்கின் துளைக்குள் இவ்வாறே உருள முயலும். இடப்புறம் வலமரை இருந்தால் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்திவந்தபோது, கழலாத மிதிகட்டை என 1900-இல் இவ்வமைப்பை விளம்பரப்படுத்தினர்.

பெரும்பாலான மிதிகட்டைகளின் மரை 9/16 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 சுற்றும் கொண்டது. ஒற்றைத் துண்டுக் கிராங்கில் விட்டம் 1/2 அங்குலம். கிராங்கின் துளையில் வெளிப்புறச் சுற்றுகள் மட்டும் நசுங்கியிருந்தால், அதே பக்கத்துக்குரிய மிதிகட்டையைக் கிராங்கின் உட்புறத்திலிருந்து கிரீஸ் தடவித் திருகலாம். உள்ளே நன்றாக உள்ள சுற்றுகள் வழிகாட்ட, வெளிவரும்போது நசுங்கிய சுற்றுகள் நிமிரும். மரை முழுவதும் வழித்துவிட்டால் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகுப் புஷ் இறக்கி மரை வெட்டித் தருவார்கள்.

## பாதுகாப்பு

* அடிக்கும்போதும் அறுக்கும்போதும் துளைக்கும்போதும் கண் கண்ணாடி அவசியம். விரிந்த பன்ச் தலையிலிருந்து தெறிக்கும் சிறு இரும்புத் துணுக்கு கண்ணைக் குருடாக்கக்கூடும்.
* மண்ணெண்ணெயோ துருநீக்கியோ விட்ட பாகத்தின் அருகே நெருப்பு கூடாது.
* அலுமினியத்தைக் கரைக்கக் காஸ்டிக் சோடா பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அது தோலையும் கண்ணையும் அரிக்கும். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.
* ஸ்பானரில் நீளமான குழாயை மாட்டித் திருகும்போது, அது திடீரென விட்டுவிட்டால் கை எங்கே போய் மோதும் என்பதை முன்பே பார்த்துக்கொள்ளவேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் விரல்களைக் கிழித்துவிடும். சங்கிலியைப் பெரிய சக்கரத்தின்மேலேயே விட்டுவைப்பது பாதுகாப்பு.

## பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை

டிரில் நேராக நிற்காதபோது, பிட்டு உள்ளே முறிந்துவிட்டபோது, கிராங்கில் மயிரிழை போன்ற விரிசல் தென்படும்போது வீட்டுவேலையை நிறுத்திவிடவேண்டும். விரிசல் விட்ட கிராங்கு ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது முறியும். ஓட்டுபவர் முன்புறமாக விழுவார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் ஓட்டும் வண்டியானால், கழற்றிய கிராங்கைத் துடைத்து, துளைகளைச் சுற்றி வெளிச்சத்தில் பார்த்த பின்பே மீண்டும் மாட்டவேண்டும்.

## மீண்டும் இறுகாமல் காத்தல்

காட்டரையும் மிதிகட்டையின் மரையையும் பொருத்துமுன் துரு நீக்கி, மெல்லியதாகக் கிரீஸ் தடவவேண்டும். காட்டர் இல்லாத கிராங்கின் போல்ட்டை ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குவது பொதுவாகப் போதுமானது. 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ இந்த அளவு வரும். உள் மரையின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி தொலைந்திருந்தால் புதியது போடவேண்டும். மண் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை கிராங்கையும் மிதிகட்டைகளையும் கழற்றிக் கிரீஸ் வைத்து மாட்டினால், அடுத்தமுறை கழற்ற ஒரு ஸ்பானரும் சில நிமிடங்களும் போதும்.